வீட்டுச் சாமானில் ஃபிளை கட்டுதல்: கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிளை என்பது என்ன?

தூண்டில் முள்ளின் தண்டில் இறகு, நூல், கம்பளி, மயிர் எதையாவது சுற்றிக் கட்டி, மீன் அதை ஒரு பூச்சி, இறால் குஞ்சு அல்லது நெத்தலி என்று நம்பிக் கவ்வும்படி செய்வது. புழு கோக்க வேண்டாம், பாண் பிசைய வேண்டாம். மக்கெதோனிய மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள் என்று ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார். அந்த மூன்று சாமானும் இன்றைக்கும் கொழும்பில் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து இறகும் மயிரும் வரவழைக்காமல் நல்ல ஃபிளை கட்ட முடியுமா?

முடியும். ஒரு செய்முறையில் "வெள்ளைவால் மானின் வால் மயிர்" என்று எழுதியிருந்தால், மானைத் தேடாதீர்கள். அந்த மயிர் தண்ணீருக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது நீளமாக, நேராக இருக்கிறது. இழுத்தால் ஒடுங்குகிறது, விட்டால் விரிகிறது. அந்த வேலையைச் செய்யும் வேறு எதுவும் போதும். ஆட்டுக்கடாயின் வால் மயிர் அதை நன்றாகவே செய்கிறது.

ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைக்கும் ஒவ்வொரு சாமானிலும் சிறு துண்டு வெட்டி அதில் போடுங்கள். மிதக்கிறதா, தாழ்கிறதா, நிறம் மாறுகிறதா, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்குகிறதா? கடையில் பளபளக்கும் பல சாமான்கள் நனைந்ததும் செத்துப்போகும். சாம்பல் பூத்த ஒரு பழைய கம்பளித் துண்டு நனைந்ததும் இறாலின் நிறத்துக்கு வரும்.

இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சோயர் பேர்பெற்ற ஃபிளை ஒன்றைக் கட்டியது காலுறை பொத்தும் கம்பளி நூலாலும் மெல்லிய கம்பியாலும் மட்டுமே. இறகே கிடையாது. அந்தக் கம்பளியை அவர் விரும்பியதற்குக் காரணம், அது நனைந்ததும் மெல்லிய இளஞ்சிவப்பு காட்டியதுதான். உலகம் முழுக்கக் கட்டப்படும் ஒரு ஃபிளை தையல் பெட்டியிலிருந்து வந்திருக்கிறது என்றால், வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுத் தையல் பெட்டியும் போதும்.

என்ன கருவிகள் வேண்டும்?

முள்ளை அசையாமல் பிடிக்க ஒன்று, நூலை இழுத்துப் பிடிக்க ஒன்று, கூரான சிறு கத்தரிக்கோல் ஒன்று. மூக்குக் குறடு ஒன்றின் வாயில் முள்ளின் வளைவைக் கொடுத்து, இரண்டு கைப்பிடியையும் இறப்பர் பாண்டால் இறுக்கி, கனமான ஒரு புத்தக அடுக்குக்கு நடுவே செருகினால் முதல் சில மாதங்களுக்கு அது போதும். பிறகு செட்டியார் தெருப் பக்கம் நகைவேலைச் சாமான் விற்கும் கடையில் கைக்கு அடக்கமான சிறு வைஸ் ஒன்று பாருங்கள். பொன்வேலை செய்பவர்கள் மெல்லிய கம்பியைப் பிடிக்கப் பயன்படுத்துவது. முள்ளுக்கும் அதே பிடி.

நூலைப் பிடிக்க உடுப்புக் கிளிப் போதும். கை எடுக்க வேண்டிய நேரத்தில் நூலில் ஒரு கிளிப்பைக் கடிக்க வைத்துத் தொங்க விடுங்கள். அதன் கனம் நூலை இறுக்கமாகவே வைத்திருக்கும். முடிச்சுப் போட, ரீஃபில் கழற்றிய பேனைக் கூட்டின் கூர்ப்பக்கம். நூலை அந்தக் கூரில் ஒரு வளையமாகச் சுற்றி, கூரின் ஓட்டையை முள்ளின் காதுக்கு மேல் வைத்து, வளையத்தை அப்படியே தள்ளி இறக்கி இழுங்கள். அப்படி மூன்று முடிச்சு. மேலே பூச நிறமில்லாத கியூடெக்ஸ். காய்ந்ததும் இன்னொரு பூச்சு.

எந்த நூல்? எந்த முள்?

சாதாரண பொலியெஸ்டர் தையல் நூல் பெரிய முள்ளுக்குச் சரி. சிறிய முள்ளில் தடித்து நிற்கும். அப்போது நூலை முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சுழற்றுங்கள்; தட்டையாகிப் படியும். தேன்மெழுகுத் துண்டு ஒன்றில் நூலை ஒருமுறை இழுத்துவிட்டால் வழுக்காது.

முள் வாங்கும்போது காதுள்ளதாகப் பாருங்கள். தலை தட்டையாக அடித்த முள்களும் புறக்கோட்டையில் நிறைய உண்டு. அவை இந்த வேலைக்கு இடைஞ்சல். இலக்கம் கூடக் கூட முள் சிறிது: 12 சிறியது, 6 அதைவிடப் பெரியது. குளத்து மீனுக்கு 8, 10. களப்புக்கும் கடலுக்கும் 2, 1, அதைவிடப் பெரிதாக 1/0. உப்புத் தண்ணீருக்கு வெள்ளீயம் பூசியதோ துருப்பிடிக்காத உருக்கோ எடுங்கள். சாதாரண முள் ஒரே இரவில் துருவைக் கக்கி இறகையும் பழுப்பாக்கிவிடும்.

கோழி இறகை எங்கே எடுப்பது? எந்த இறகு எதற்கு?

இறைச்சிக் கடையில் கேட்டால் தருவார்கள். ஆனால் சுடுதண்ணீரில் முக்கும் முன்னர் கேட்க வேண்டும். முக்கிய பிறகு இறகு நைந்து, மணந்து, உதவாது. போயா நாளில் போகாதீர்கள், கடை பூட்டு.

பிரொய்லர் கோழி வெள்ளை, அதோடு மிக இளசில் அறுபடுவது. அதன் இறகு மெத்தென்று தண்ணீரை உறிஞ்சும். இது குறையென்று ஒதுக்க வேண்டாம். தாழ வேண்டிய ஃபிளைக்கு அதுவே வேண்டும், சாயமும் நன்றாகப் பிடிக்கும். மிதக்க வேண்டிய ஃபிளைக்கு வயது வந்த ஊர்ச்சேவல் வேண்டும். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ ஒரு வீட்டில் சேவல் அறுக்கும் நாளில் கழுத்துத் தோலோடு இறகை உரித்துத் தரச் சொல்லுங்கள்.

அந்தக் கழுத்துத் தோலைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். தலைக்குக் கிட்ட இருக்கும் இறகுகள் விரல் நகத்தளவு. கீழே போகப் போக நீளும். ஒவ்வொன்றும் ஒல்லியாக, நுனி கூராக, ஓரம் மினுங்கும். நடுத்தண்டை ஒட்டி மங்கலான ஒரு பகுதி ஓடும். அது எவ்வளவு குறைவோ அவ்வளவு விறைப்பு. இறகை வளைத்துப் பிடியுங்கள். இழைகள் தனித்தனியாக நிமிர்ந்து நின்றால் மிதக்கும் ஃபிளைக்கு, ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தால் தாழும் ஃபிளைக்கு. அளவும் அப்போதே பார்த்துவிடலாம். இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தை, அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, போல் ஒன்றரை மடங்கு இருந்தால் அளவு சரி.

பேட்டின் கழுத்து இறகு வட்டமாக, மென்மையாக இருக்கும். அதை ஒரு சுற்றுச் சுற்றினாலே பூச்சியின் கால்களைப் போல அசையும். சேவலின் வால் இறகை விட்டுவிடாதீர்கள். கறுப்பில் பச்சையும் வெண்கலமும் மின்னும் அந்த இழைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்துச் சுற்றினால் வண்டின் உடல் கிடைக்கும்.

கொண்டுவந்த இறகை எப்படி வைத்திருப்பது?

சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தோலோடு இருந்தால் உட்பக்கக் கொழுப்பை முழுதாகச் சுரண்டி, உப்புப் பூசிக் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் காற்றுப் புகாத பையில் கட்டி ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் ஒரு வாரம். வெளியே எடுத்து இரண்டு நாள் விட்டு, மறுபடியும் ஒரு வாரம். முதல் குளிரில் தப்பிய பூச்சி முட்டைகள் பொரித்தால் இரண்டாவதில் சாகும். கையை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள்.

கொழும்பில் பூச்சியை விடப் பெரிய எதிரி ஈரம். மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வரும் சிலிக்கா பொட்டலங்களைச் சேர்த்துப் பெட்டிக்குள் போடுங்கள். காய்ந்த வேப்பிலையும் போடலாம்.

மஞ்சளிலும் தேயிலையிலும் சாயம் பிடிக்குமா?

அருமையாகப் பிடிக்கும். முதலில் இறகின் எண்ணெய் போக நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். மஞ்சள்தூள் இரண்டு மேசைக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கி, கொஞ்சம் வினாகிரி விட்டு, கொதிக்க விடாமல் அரை மணி நேரம் இறகை ஊறவையுங்கள். கொதித்தால் இறகு சுருளும். வரும் மஞ்சள் கண்ணைப் பறிக்கும். வெயிலில் மெல்ல வெளிறும், அதனால் பெட்டியில் வைத்திருங்கள்.

சாயம் போட்ட பிறகு சவர்க்காரத்தில் கழுவ வேண்டாம். மஞ்சள் காரம் பட்டால் சிவக்கும். ஆலத்திக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவப்பது இதனால்தான். வேண்டுமென்றே சிவக்க வைக்கலாம். மஞ்சள் ஊறிய இறகைச் சுண்ணாம்புத் தெளிநீரில் ஒரு கணம் தோய்த்து எடுத்தால் செம்மஞ்சள். அதிகமாகிவிட்டால் தேசிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு, திரும்பவும் மஞ்சள். ஆனால் இந்தச் சிவப்பு நிலைக்காது. நிலையான சிவப்புக்குக் கடைச் சாயமே நல்லது.

தேயிலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். கடும் சாயத்தண்ணியில் ஒரு மணி நேரம் ஊறினால் வெள்ளை இறகு மங்கிய மண்ணிறமாகும். குளத்தடியில் ஊரும் பூச்சிகள் பெரும்பாலும் அந்த நிறம்தான். துருப்பிடித்த ஆணி ஒன்றை அதே கோப்பையில் போட்டால் சாம்பலும் கறுப்பும் வரும்.

மயிலிறகு, காட்டுக்கோழி இறகு பாவிக்கலாமா?

காட்டுப் பறவை எதையும் தொட வேண்டாம். இலங்கைக் காட்டுக்கோழி இந்தத் தீவில் மட்டும் வாழ்வது, நாட்டின் தேசியப் பறவை. 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டு உயிர்களுக்காகவே இருக்கிறது. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதன் கழுத்து இறகின் நுனியில் மெழுகு உருகி விழுந்ததுபோல் வெண்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பிரித்தானியரின் சல்மன் ஃபிளைக்கு அந்தப் புள்ளி வேண்டுமென்று பறவையை வேட்டையாடித் தோலை ஏற்றுமதி செய்தார்கள். அந்தப் புள்ளியை நாம் கியூடெக்ஸால் வைக்கலாம். கறுப்புக் கோழி இறகின் நுனியில் வெண்மஞ்சள் நிறத்தில் ஒரு சொட்டு. மீனுக்கு அது போதும்.

சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகிய மயிலிறகை நான் எடுப்பதில்லை. மேலே சொன்ன சேவல் வால் இறகு அதே வேலையைச் செய்கிறது.

"வெள்ளிக்கிழமையில அம்மா இறகை வீட்டுக்குள்ள எடுக்க விடமாட்டா. இறகும் மயிரும் இல்லாமல் கட்டலாமா?"

அம்மா சொல்வதைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமைக்கென்றே ஒரு தனிப் பெட்டி வைத்துக்கொள்ளலாம், அதில் குறையே இருக்காது.

இலவம் பஞ்சு: கிழிந்த தலையணையிலிருந்து. அதன் இழைக்குள் காற்று நிறைந்திருக்கும், மேலே இயற்கையான மெழுகு. மெழுகிட்ட நூலில் கொஞ்சம் ஒட்டி விரலால் உருட்டிச் சுற்றினால் மிதக்கும் உடல். தும்பு: தும்புத்தடியில் உதிர்வதே போதும், இறாலின் கால். கித்துல் நார்: கறுப்பு, விறைப்பு, இறாலின் மீசைக்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. பழைய சேலையின் சரிகை இழை உடலில் வரி ஓட்ட. தேயிலைப் பக்கற்றின் உள் வெள்ளித்தாளை நீட்டாகக் கீறினால் குஞ்சு மீனின் மினுக்கம். தேய்ந்த இறப்பர்ச் செருப்பின் மெத்தையான பகுதி, மேலே நின்று தண்ணீரைத் தட்டும் ஃபிளையின் தலைக்கு.

கயிற்றில் மட்டும் கவனம். நைலோன் கயிறு என்று கடையில் தரும் நீலக் கயிறு பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன். அது மிதக்கும். உண்மையான நைலோன் தாழும். இரண்டையும் பிரித்துச் சீப்பால் வாரினால் நெத்தலிக்கு நல்ல உடல் வரும், ஆனால் எது கையில் இருக்கிறது என்று கிளாஸில் போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

முதல் ஃபிளையாக எதைக் கட்டலாம்?

சோயரின் கம்பளி ஃபிளை. 10ஆம் இலக்க முள், மெல்லிய ஃபியூஸ் கம்பி, வெளிர் மண்ணிறக் கம்பளி நூல். நூலுக்குப் பதில் கம்பியாலேயே கட்டுகிறோம், ஆகவே கனமும் கட்டும் ஒன்றாகிவிடுகிறது. காதுக்குப் பின்னால் சிறிது இடம் விட்டுத் தொடங்கி, தண்டு முழுவதும் கம்பியை நெருக்கமாக வளைவு வரை சுற்றுங்கள். அங்கே கம்பளியின் நுனியை வைத்துக் கம்பியால் இரண்டு சுற்று. கம்பியை முன்னே கொண்டுவந்து விட்டு, கம்பளியை முன்னும் பின்னும் சுற்றி நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கும்படி செய்யுங்கள். கம்பியால் மூன்று நான்கு இறுக்கச் சுற்று, கம்பளியை வெட்டி, கம்பியை முறித்துவிடுங்கள்.

அடுத்தது இறகு வைத்தது. தண்டில் கறுப்பு நூல் உடல், அதன்மேல் சரிகை வரி, காதுக்குப் பின்னால் பேட்டு இறகு. இறகின் அடியிலுள்ள பஞ்சை உரித்து, தண்டை முள்ளோடு கட்டி, நுனியை உடுப்புக் கிளிப்பால் பிடித்து இரண்டே சுற்று. கூட வேண்டாம். சுற்றியதும் ஈர விரலால் இழைகளைப் பின்னோக்கி நீவிவிட்டு, நூலால் அடியில் இறுக்குங்கள்.

கட்டியது அவிழ்ந்து போகிறது, அல்லது முள்ளைச் சுற்றி உருள்கிறது. ஏன்?

பளபளக்கும் வெறும் தண்டில் எதுவும் நிற்காது. முதலில் நூலால் ஒரு அடித்தளம் சுற்ற வேண்டும். உருளாமல் இருக்க, சாமானைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே முள்ளோடு சேர்த்துப் பிடித்து, நூலை அந்த விரல்களுக்கு இடையில் தளர்வாக ஒரு வளையமாகப் போட்டு, பிறகு நேர் மேலே இழுங்கள். விரல்களை அதற்கு முன்னர் எடுத்துவிடாதீர்கள். தலை அவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் இடமின்மை. காது வரை அடைத்துக் கட்டினால் முடிச்சுக்கு உட்கார இடமில்லை.

களப்புக்கும் கடலுக்கும் என்ன கட்டுவது?

பென்சில்வேனியாவின் சஸ்கெஹானா ஆற்றில் மீன்பிடித்த பொப் கிளவுசர் 1980களில் கட்டிய ஃபிளையின் அமைப்பு நீர்கொழும்புக் களப்புக்கும் பொல்கொடவுக்கும் பொருந்தும். தண்டின் மேல்பக்கத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால், கனமான இரண்டு கண்களைக் குறுக்கே கட்டுவார். அதனால் ஃபிளை தலைகீழாகப் புரண்டு முனை மேலே நிற்கும், அடியில் குறைவாகச் சிக்கும். இழுத்தால் எழும், விட்டால் தலைகுத்தி விழும். கொடுவாவும் பாரையும் அந்த விழுகையில்தான் பாய்கின்றன.

அவர் பாவித்த ஈயக் கண்ணுக்குப் பதில், குளியலறைத் தொட்டியின் அடைப்பானில் வரும் பந்துச் சங்கிலியில் இரண்டு பந்தை வெட்டி எடுங்கள். எட்டு வடிவில் குறுக்கும் மறுக்குமாக நூல் சுற்றி, அடியில் ஒரு சொட்டு சுப்பர் குளூ. வெள்ளை ஆட்டு மயிர் ஒரு சிறு கற்றை, அதன்மேல் தேயிலைப் பக்கற்றுத் தாள் இரண்டு மூன்று இழை, அதற்கும் மேலே மஞ்சளில் தோய்த்த மயிர். கற்றை மெல்லியதாக இருக்கட்டும். கையில் அழகாகத் தெரியும் தடிமன் தண்ணீரில் நெத்தலியாகத் தெரியாது.

எந்த மீன் எதைத் தின்னும் என்று எப்படி அறிவது?

மீன் வெட்டும் இடத்தில். பேலியகொடச் சந்தையிலோ வீட்டுப் பக்கத்துக் கடையிலோ பாரை வாங்கினால் குடலையும் தரச் சொல்லுங்கள். இரைப்பையைக் கீறித் தண்ணீர் உள்ள வெள்ளைக் கோப்பையில் விடுங்கள். நெத்தலியின் நீளம், இறாலின் நிறம் எல்லாம் அங்கே இருக்கும். முள்ளின் இலக்கத்தை அதை வைத்துத் தெரிவு செய்யலாம்.

1952இல் இந்த நாட்டுக்கு வந்த திலாப்பியா பாசி மேய்வது. பச்சைக் கம்பளியை 10ஆம் இலக்க முள்ளில் கலைந்தாற்போல் கட்டினால் போதும், மெல்ல விட வேண்டும். மடவைக்கு, மக்கள் பாண் போடும் இடத்தில், வெள்ளை இலவம் பஞ்சு உருண்டை. விராலுக்கு, புல்லோரத்தில், செருப்பு இறப்பரில் செய்த தவளை.

அதோடு ஈசல். வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையின் மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் குவிந்தால், குளத்திலும் அதே நேரம் விழுந்துகொண்டிருக்கும், மீன்கள் மேலே வந்து உறிஞ்சும். 12ஆம் இலக்க முள்ளில் தேயிலைச் சாயமிட்ட பஞ்சு உடல், முதுகில் தட்டையாகப் படிய வெள்ளைக் கோழி இறகு நுனி இரண்டு, உடலை விட நீளமாக. ஈசலின் சிறகு அப்படித்தான் இருக்கும், ஒன்றைப் பிடித்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதைச் சில கட்டி முன்கூட்டியே வைத்திருங்கள். மழை வந்த பிறகு கட்ட நேரமிருக்காது.

பேரே வாவியிலும் நகரக் கால்வாய்களிலும் பிடித்ததைச் சமைக்காதீர்கள். அந்தத் தண்ணீரின் நிலை எல்லோருக்கும் தெரியும். பிடித்ததைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

ஃபிளைக்கான தனித் தடியும் கனத்த நூலும் இல்லை. என்ன செய்வது?

ஃபிளைக்குக் கனமில்லை என்பதால்தான் அந்தத் தடியில் நூலே கனமாகச் செய்யப்படுகிறது. அது இல்லாதவர் நீளமான மூங்கில் தடியின் நுனியில் தடியின் நீளத்துக்குத் தங்கூசி நூலைக் கட்டி, அந்த நூலின் நுனியில் ஃபிளையை வைத்து ஓரத்தில் மீன்பிடிக்கலாம். ஜப்பானின் மலை ஓடைகளில் உருளை இல்லாத தடியில் இப்படியே பிடிக்கிறார்கள். சுழல் உருளைத் தடி இருந்தால், தண்ணீர் நிரப்பக்கூடிய தெளிவான மிதவையைக் கட்டி, அதற்கு அப்பால் ஒரு மீற்றர் தங்கூசியில் ஃபிளை.

பிள்ளைகளோடு சேர்ந்து கட்டலாமா?

கட்டலாம், அவர்களின் விரல் நம்மைவிட நுட்பமானது. முனையின் உள்ளே நிற்கும் எதிர்க்கூரை முதலிலேயே குறடால் நசுக்கி விடுங்கள். குத்தினாலும் வழுவி வந்துவிடும், மீனை விடுவதும் எளிது. ஈயக் கம்பியை வீட்டுக்குள் எடுக்க வேண்டாம், ஈயம் கலக்காத ஃபியூஸ் கம்பியோ செம்புக் கம்பியோ போதும். கியூடெக்ஸும் சுப்பர் குளூவும் யன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் கையால்.

கடலில் பாவித்த ஃபிளையை மறுபடி பாவிக்கலாமா?

வீட்டுக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி, ஒரு துணியில் ஒற்றி, காற்றில் முழுதாகக் காய விடுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போட்டால் பக்கத்திலிருக்கும் மற்ற முள்களும் துருப்பிடிக்கும். முள் மழுங்கியிருந்தால் நகம் தேய்க்கும் அரத்தால் நாலு இழுப்பு. மயிர் கொட்டிப் போனதை எறியாதீர்கள். பழைய கட்டைப் பிளேட்டால் கீறி எடுத்துவிட்டால் முள்ளும் கண்ணும் அடுத்ததற்கு உதவும்.